மருமகளுக்கு நான் செய்த பந்துகள்

மகனுக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம், எங்கள் பீங்கான் பொம்மை யூனிட்டுக்குள் ஒரு குரங்கு புகுந்தது. அன்று காலை அச்சிலிருந்து எடுத்த பிள்ளையார் பொம்மைகள் பலகையில் வரிசையாக ஈரம் காய்ந்துகொண்டிருந்தன. சுடாத பொம்மை, விரல் பட்டாலே நசுங்கும். குரங்கு ஒன்றை எடுத்து, தும்பிக்கையைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் துப்பியது. ஆட்கள் கத்தினார்கள். நான் கம்பைத் தேடினேன். மாமியாருக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுவந்து வாசலில் நின்றிருந்த என் மருமகள், குனிந்து ஒரு களிமண் உருண்டையை எடுத்தாள். இடது காலைத் தூக்கினாள். என் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குரங்கின் தலைக்கு ஒரு சாண் மேலே, மரத்தூணில், மண் அப்பளம் மாதிரி தட்டையாக ஒட்டியிருந்தது. குரங்கு பொம்மையைப் போட்டுவிட்டுக் கூரை ஏறி ஓடிவிட்டது.

"குறி தப்பிடுச்சேம்மா" என்றேன்.

"தப்பல மாமா. தூணத்தான் பாத்தேன். பாவம், அதுக்கு அடிபடக் கூடாதுல்ல."

நான் எட்டு வைத்து அளந்து பார்த்தேன். வாசலிலிருந்து தூண் வரை இருபத்திரண்டு எட்டு. ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுக்க ஆளுக்குக் கரண்டி தேவைப்பட்டது.

பெண் பார்க்கப் போனபோதே அவள் சொல்லியிருந்தாள். பேஸ்பால் ஆடுகிறேன், பந்து எறிபவள் நான்தான், மாநில அணியில் இடம் கிடைக்கும்வரை ஆடுவேன், சம்மதம் என்றால் சொல்லுங்கள் என்றாள். நான் முந்திரிக்கொட்டை மாதிரி "தாராளமா ஆடட்டும், என் வாக்கு" என்று சபையில் சொல்லிவிட்டேன். சொன்னபோது எனக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அலமாரியில் நான்கு கோப்பை இருக்கும், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். குரங்கு வந்த அன்றுதான் நான் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். பதினான்கு வயதில் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் மண் மூட்டை தூக்கப் போனேன். இன்று எனக்கு இரண்டு கேஸ் சூளை இருக்கிறது, இருபது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். எவனும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றேன். பொம்மையைக் கையில் தூக்கினால் எத்தனை கிராம் என்று சொல்வேன். வெளியூர் வியாபாரிகள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். இந்த ஊரில் என் கையைத் தராசு என்பார்கள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அவளுடைய கோச் நெய்வேலியிலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர், பையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். பந்தைப் பார்த்து நீட்டினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று காட்டும். யூனிட்டுக்குப் பின்னால் எங்கள் காலி மனை இருக்கிறது. அங்கே வைக்கோல் கட்டுகளை அடுக்கி, முன்னால் பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, அதில் ஒரு சதுரம் வரைந்தார்கள். அறுபதடிக்கு அப்பால் நின்று அவள் எறிந்தாள். கருவி தொண்ணூற்றிரண்டு காட்டியது.

"நாலு மாசத்துல செலக்‌ஷன் இருக்குது ஐயா. நூறத் தொட்டுட்டா ஒருத்தரும் வாயத் தெறக்க முடியாது" என்றார் கோச்.

"எட்டுதானே? நான் ஏத்திக் காட்டறேன். மூட்ட தூக்கின கை இது. கொண்டாங்க பந்த."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எறிந்தேன். உடம்பில் இருந்த பலம் அத்தனையும் போட்டேன். கருவி நாற்பத்து மூன்று காட்டியது. பந்து மெத்தைக்கு முன்னால் தரையில் குதித்து, வைக்கோலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"மிஷினு கெட்டுப்போயிருக்குது" என்றேன்.

என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஆமா, இவரு எறிஞ்சப்ப மட்டும் கெட்டுப்போச்சு."

அந்த நாற்பத்து மூன்று என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய தோளுக்கு என்ன ஆனது? கோச்சிடமே கேட்டேன். வேகம் தோளில் இல்லை என்றார். பின்னங்காலால் தரையைத் தள்ளி, முன்னங்காலை நீளமாக ஊன்றி, முதலில் இடுப்பு திரும்பி, அப்புறம் நெஞ்சு திரும்பி, கடைசியாகத்தான் கை வரவேண்டுமாம். கை வெறும் சாட்டையின் நுனி மாதிரி. நான் நம்பவில்லை. அவர் செல்போனில் அவளைப் படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. இடுப்பு வாசலைத் தாண்டிப் போய்விட்டது, கை இன்னும் பின்வீட்டில் நிற்கிறது. அந்தப் படத்தை ஏழெட்டுத் தடவை போடச் சொல்லிப் பார்த்தேன். அறுபத்தேழு வயதுவரை ஒரு கல்லை எப்படி எறிவது என்றுகூடத் தெரியாமலா இருந்திருக்கிறேன்!

பயிற்சி அட்டவணை அவள் அறைக் கதவில் ஒட்டியிருந்தது. ஒரு நாள் மெடிசின் பந்து என்று ஒன்று, பூசணிக்காய் அளவு, அதைப் பக்கவாட்டில் நின்று குடோன் சுவரில் இடுப்பைத் திருப்பி அடிப்பாள். ஒரு நாள் ஒற்றைக் காலில் தாவுவாள். ஒரு நாள் தூரத்தில் நின்று மேலே வளைத்து எறிவாள், ஒவ்வொரு எறிக்கும் பத்தடி பின்னால் போவாள். எத்தனை எறி என்று நோட்டில் குறிப்பாள், கணக்குக்கு மேல் ஒன்றுகூட எறிய மாட்டாள். வாரத்தில் இரண்டு நாள் பந்தையே தொட மாட்டாள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"சும்மா ஒக்காந்தா எப்படிம்மா கை ஏறும்?"

"சும்மா இருக்கறதும் டிரெய்னிங்குதான் மாமா."

"நான் ஒரு நாளு சும்மா ஒக்காந்திருந்தா இந்த யூனிட்டு வந்திருக்குமா?"

"உங்க முழங்கால கேட்டுப் பாருங்க மாமா, அது பதில் சொல்லும்."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் முதல் மாதம் முடிந்தபோது கருவி தொண்ணூற்றைந்து காட்டியது. நான் டீக்கடையில் நூற்றைந்து என்று சொல்லிவைத்தேன். எப்படியும் வரப்போவதுதானே.

இரண்டாம் மாதம் கோச் புதிதாக ஒன்று சொன்னார். ஆட்டத்துப் பந்தைவிடச் சற்றுக் கனமான பந்துகளும் சற்று லேசான பந்துகளும் வேண்டும். கனமானதை எறிந்தால் உடம்பு வேலை செய்யப் பழகும், லேசானதை எறிந்தால் கை வேகமாகப் போகப் பழகும். ஆனால் அளவு தப்பக் கூடாது, அதிகக் கனம் முழங்கையைக் கெடுத்துவிடும் என்றார். வெளியூரிலிருந்து வாங்கித் தருகிறேன் என்றார்.

"வாங்கறதா? ரெண்டு சூளை வெச்சிருக்கறவன் வூட்டுல பந்து வாங்கறதா?" என்றேன். "எத்தனை கிராமுன்னு மட்டும் சொல்லுங்க."

கோச் யோசித்தார். மருமகளும் வேண்டாம் மாமா என்றுதான் சொன்னாள். நான் விடவில்லை.

இப்போது சொல்லும்போதும், வேலை என்று பார்த்தால் அது அருமையான வேலை. மண் சுடும்போது சுருங்கும், அதற்காக எட்டில் ஒரு பங்கு பெரிதாக அச்சு எடுக்க வேண்டும். மேலே ரெக்ஸின் உறை வரும், அதற்காக மறுபடி கொஞ்சம் சிறிதாக்க வேண்டும். இரண்டு கணக்கையும் மனதிலேயே போட்டேன். அச்சுக்குள் மண்கூழை ஊற்றி, சீக்கிரம் கவிழ்த்தால் அச்சுச் சுவரில் ஒட்டிய மண் ஓடு மெல்லிசாக நிற்கும், லேசான பந்து. தாமதமாகக் கவிழ்த்தால் ஓடு தடிமனாக நிற்கும், கனமான பந்து. வெளியே எல்லாம் ஒரே அளவு. உள்ளே வெற்றாக இருந்ததால் தட்டும்போது சட்டி மாதிரி சத்தம் வந்தது, மருமகள் சிரித்தாள். அதனால் சுட்ட பிறகு கனப் பந்துகளுக்குள் மரத்தூளை அடைத்து, மண்கூழ் ஊற்றிய ஓட்டையை மூடினேன். பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிறவர் ரெக்ஸின் உறை தைத்துக் கொடுத்தார், பேஸ்பாலில் இருக்கிற மாதிரியே சிவப்புத் தையல். ஆட்டத்துப் பந்து நூற்று நாற்பத்தைந்து கிராம், கனப் பந்து ஒன்று இருநூறு கிராம். கையில் தூக்கிப் பார்த்தேன், அப்புறம் கோச்சின் நிம்மதிக்காகத் தராசிலும் வைத்துக் காட்டினேன். நான் சொன்ன கிராம்தான் இருந்தது. கோச் வாயைப் பிளந்தார்.

ஒன்றே ஒன்று செய்யவில்லை. எங்கள் தொழிலில் பொம்மையை முதலில் ஒரு தடவை சுடுவோம், அதை பிஸ்கட் என்போம். அப்புறம் கிளேஸ் பூசி இரண்டாம் தடவை சுடுவோம், அப்போதுதான் கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும். பந்துக்குமேல் உறை வரப்போகிறது, உள்ளே இருக்கிற பளபளப்பை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு சூடோடு நிறுத்திவிட்டேன்.

கனப் பந்து வந்த மூன்றாம் வாரம் கருவி தொண்ணூற்று நான்கு காட்டியது. ஐந்தாம் வாரம் தொண்ணூறு.

எனக்குக் கோபம் வந்தது. கோச்சைத் திட்டினேன். மகனிடம், அவளை சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு திரியாதே என்றேன். என் மனைவியிடம், அவளுக்குச் சாப்பாடு போதவில்லை என்று சண்டை போட்டேன். வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று மருமகளிடமே சொன்னேன். அப்போதெல்லாம் அவள் டம்ளரை இடது கையால் எடுக்க ஆரம்பித்திருந்தாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலை பின்மனைக்கு வந்து பந்தை நீட்டினாள். "மாமா, இது மொதல்ல இருந்தத விட கனமா இருக்குற மாதிரி தெரியுது."

நான் வாங்கி உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன். பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிற பெண்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருநூறு. ஒரு கிராம் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. உன் கை அசந்துபோயிருக்குது, அதான்."

பத்து நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் தூக்கிப் பார்த்தேன். மறுபடியும் இருநூறு என்றேன். அவள் நம்பினாள். ஊரே நம்பும்போது அவள் ஏன் நம்பமாட்டாள்?

செலக்‌ஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது கோச் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். ஐந்து பந்து எறியச் சொன்னார். எண்பத்தாறு, எண்பத்தைந்து, எண்பத்து மூன்று. நான்காவதை எறியவிடாமல் ஓடிப்போய் அவள் முழங்கையின் உள்பக்கத்தை விரலால் அழுத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வந்தது.

"எவ்ளோ நாளா இருக்குது இது?"

"மூணு வாரம் சார்."

"ஏன்மா சொல்லல?"

அவள் என் பக்கம் பார்த்தாள். கோச் கூடையிலிருந்து ஒரு கனப் பந்தை எடுத்தார். அவர் முகம் மாறியது. "ஐயா, இது எத்தனை கிராமு?"

நான் தூக்கினேன். "இருநூறு."

"தராசு கொண்டாங்க."

"என் கை—"

"தராசு கொண்டாங்க ஐயா."

கிளேஸ் பவுடர் எடை போடுகிற எலெக்ட்ரானிக் தராசை ஆள் கொண்டுவந்து திண்டில் வைத்தான். கோச் பந்தை வைத்தார். முன்னூற்றுப் பன்னிரண்டு. அடுத்த பந்து, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. அதற்கடுத்தது முன்னூற்றைந்து.

தராசு தப்பு என்றேன். ஒரு கிலோ எடைக்கல்லை வைத்துக் காட்டினார்கள். சரியாக ஒரு கிலோ. இருநூறுக்கும் முன்னூறுக்கும் வித்தியாசம் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, லேசானதும் கனமானதும் வைத்துப் பார்த்தேன். ஏதோ இருக்கிறது என்றுதான் தெரிந்தது. எப்போதிலிருந்து இப்படி? போன வருஷமா, அதற்கு முன்னாலா? எத்தனை பேர் மரியாதைக்காகத் தலையாட்டியிருக்கிறார்கள்?

கோச் பிளேடால் ஒரு பந்தின் தையலை அறுத்து, உள்ளிருந்த மண் ஓட்டைத் தரையில் தட்டி உடைத்தார். உள்ளேயிருந்து மரத்தூள் கொத்தாக விழுந்தது. சொதசொதவென்று ஈரம். புளித்த நாற்றம் அடித்தது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, தெனமும் அந்த பக்கெட்டுலதான ஊறுது இதெல்லாம்? நனையாம என்னா பண்ணும்?"

மருமகள் சுத்தக்காரி. எங்கள் மனை செம்மண், பந்து தரையில் விழுந்தால் சிவந்துவிடும். பயிற்சி முடிந்ததும் பந்துகளை ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு ஊறவைத்து, மத்தியானம் எடுத்துத் துடைத்து வெயிலில் வைப்பாள். மேலே ரெக்ஸின் காய்ந்துவிடும். தையல் வழியாகப் போன தண்ணீரை பிஸ்கட் ஓடு குடித்தது, உள்ளே மரத்தூள் குடித்தது, குடித்தது காயவே இல்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக.

என் யூனிட்டில் புதிதாக ஆள் சேர்ந்தால் முதல் நாள் நான் செய்வது ஒன்றுதான். பிஸ்கட் பொம்மையைக் கொடுத்து நாக்கை வைக்கச் சொல்வேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும். பார்த்தாயா, கிளேஸ் போடாத மண் தண்ணீரை எப்படி உறிஞ்சுகிறது, இதை மறந்தால் உனக்கு இங்கே வேலை இல்லை என்பேன். அப்படிச் சொல்கிற நான் அந்த பக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தேன். பந்து முங்கிக் கிடப்பதைப் பார்த்தேன். குமிழி வந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

மருமகள் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்தாள். "எனக்குத் தெரியாது மாமா. பீங்கான்னா தண்ணி போகாதுன்னு நெனச்சிட்டேன்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்" என்றேன்.

டாக்டர் முழங்கையைப் பார்த்துவிட்டு, கிழியவில்லை, ஆனால் மூட்டு எலும்புகளைப் பிடித்திருக்கிற தசைநார் நன்றாக இழுபட்டிருக்கிறது, ஆறு வாரம் எறியக் கூடாது என்றார். கோச் செலக்‌ஷனுக்குப் போகவேண்டாம் என்றார். அவள் யோசித்துச் சொன்னாள். "போறேன் சார். மூணே மூணு பந்து. வலிச்சா அங்கயே நிறுத்திடுவேன். என்னால எவ்ளோ முடியும்னு அவங்க ஒரு தடவ பாக்கட்டும்."

சிதம்பரத்தில் ஒரு மைதானம். நானும் கோச்சும் கூடப் போனோம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். மேசைக்குப் பின்னால் மூன்று தேர்வாளர்கள், ஒருவர் கையில் அதே மாதிரி துப்பாக்கிக் கருவி. அவளுக்கு முன்னால் எறிந்த பெண் தொண்ணூற்றேழு போட்டாள். மருமகள் போய் நின்றாள். முதல் பந்து எண்பத்தொன்பது, எதிரே கட்டியிருந்த சதுரத்தின் மூலையில் விழுந்தது. இரண்டாவது தொண்ணூற்றொன்று, எதிர் மூலையில். தேர்வாளர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவதற்குக் காலைத் தூக்கியவள், மெதுவாகக் கீழே வைத்தாள். பந்தைக் கையில் உருட்டிப் பார்த்தாள்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "இன்னொண்ணு போடும்மா! வந்துடும்! போடு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். நானா கத்தினேன் என்று எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. பன்னிரண்டு நாளாகத் தூங்காமல் அழுத மனுஷன் நான், என் வாய் மட்டும் எதையும் கேட்காமல் முன்னால் ஓடுகிறது. அவள் என்னைப் பார்த்தாள். நிதானமாக மேசைக்கு நடந்துபோய், பந்தைத் தேர்வாளர் கையில் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. நான் தேர்வாளர்களிடம் போய், தப்பு என்னுடையது, பந்து நான் செய்தது என்று சொன்னேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். இன்று எறிந்ததைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்ள முடியும் ஐயா என்றார்கள். நியாயம்தான்.

கோச் வேறு வழியாக நெய்வேலிக்குப் போய்விட்டார். நாங்கள் விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினோம். சேத்தியாத்தோப்பு வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நின்றபோது கேட்டேன்.

"இன்னொரு பந்து போட்டிருந்தா எடுத்திருப்பாங்கம்மா. ஏன் நிறுத்திட்ட?"

"அடுத்த வருஷமும் இந்தக் கைதான மாமா வேணும்."

நான் என் வாழ்க்கையில் எதையும் பாதியில் நிறுத்தியதில்லை. அதுதான் என் பலம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டவன். நிறுத்துவதற்கு இவ்வளவு தெம்பு வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவள் திரும்பி உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. "மாமா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. இனிமே என் பந்த நீங்க செய்யக் கூடாது. தூக்கிப் பாத்து எட சொல்லக் கூடாது. வேலிகிட்ட நின்னு கத்தக் கூடாது."

இந்த வயதில் என்னிடம் ஒருவர் கூடாது என்று சொல்லி, அதுவும் மூன்று தடவை சொல்லி, நான் கேட்டதில்லை. முன்சீட்டில் இருந்த அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"வந்து பாக்கலாமா?" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பாக்கலாம். வாயத் தெறக்காம."

"சரிம்மா."

கண்டக்டர் விசில் கொடுத்தார். ஊர் வந்து சேரும்வரை நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் என் மனைவி நின்றுகொண்டு "என்னாச்சுங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மருமகள் பதில் சொல்லட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.